முழுச் சிரட்டையா, உடைந்ததா? அங்கேதான் ஆரம்பம்

காரைக்குடியில் ஏதாவது ஒரு மெஸ்ஸின் பின்வாசலில் காலை பதினொரு மணி வாக்கில் போய் நின்று பாருங்கள். சட்னிக்கும் குழம்புக்கும் துருவி முடித்த சிரட்டைகள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கும். சாயங்காலத்துக்குள் அது குப்பை வண்டியில் ஏறும், இல்லாவிட்டால் வெந்நீர் அடுப்புக்குள் போகும். அந்தச் சாக்கைப் பார்த்து "இதை வைத்து ஏதாவது செய்யலாமே" என்று தோன்றுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொட்டாங்கச்சி என்றாலும் சிரட்டை என்றாலும் ஒன்றுதான். காங்கேயம் பக்கத்து வியாபாரியிடம் பேசினால் தேங்காய்த் தொட்டி என்பார், குழம்ப வேண்டாம்.

எனக்கு முதலில் தோன்றியது இயந்திரம் வாங்குவதுதான். சிரட்டையைப் பொடியாக்கி விற்றால் ஊதுபத்திக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் பிளைவுட் பசைக்கும் கலக்க வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு (அது உண்மைதான், வாங்குகிறார்கள்), பொடியாக்கும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "என்ன தம்பி, மிஷினு வாங்கப் போறியாமே? அதுக்குத் தீனி எங்கே இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு வண்டியைத் திருப்பியதுதான் இந்தத் தொழிலில் நான் செய்த முதல் புத்திசாலித்தனம்.

ஆகவே முதல் வேலை, ஒரு வாரம் எடை போடுவது. வேறெதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் தொங்கு தராசும் போதும். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அல்லது மொபெட்டில் போய்வரும் தூரத்துக்குள் எந்த ஓடு, எவ்வளவு, எந்த நிலையில் வருகிறது என்று எழுதுங்கள். எந்த நிலையில் என்பதுதான் முக்கியம். இரண்டாக அழகாகப் பிளந்த மூடியா, எட்டாகச் சிதறியதா, தேங்காய் ஒட்டியிருக்கிறதா, காய்ந்ததா, நனைந்ததா. என்ன பொருள் செய்யப்போகிறோம் என்பதை நாம் தீர்மானிப்பதாக நினைக்கிறோம், உண்மையில் உடைத்தவன் கை அதை முன்பே தீர்மானித்துவிடுகிறது.

மெஸ்ஸிலும் கல்யாணச் சமையலிலும் அரிவாளால் ஒரே போடாகப் போட்டு உடைப்பார்கள், மூடி வட்டமாக வரும். அது கிண்ணத்துக்கும் அகப்பைக்கும். கோயிலில் விடும் சிதறுகாய் பெயருக்கேற்றபடி சில்லுச் சில்லாகப் போகும். பிள்ளையார்பட்டி மாதிரி ஒரு ஊர் பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சில்லுகள் எவ்வளவு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். பல கோயில்களில் சிதறு தேங்காய் எடுக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். கோயில் அலுவலகத்தில் கேட்காமல் சாக்கோடு போய் நின்றால் ஏலம் எடுத்தவர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். ஏலம் எடுத்தவருக்குத் தேங்காய்தான் தேவை. சிரட்டையை அவரிடமே பேசி வாங்குவது எளிது. இந்தச் சில்லுகள் கரிக்கு.

ஒரு நடுத்தரத் தேங்காயின் இரண்டு மூடியும் சேர்ந்து நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாளைக்கு 50 காய் உடைக்கும் கடையிலிருந்து ஐந்தாறு கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: சிரட்டைச் சாக்கில் வேறு குப்பை போடக்கூடாது. டீத்தூளும் வாழையிலையும் கலந்து வந்தால் பிரிக்கவே உங்கள் காலை முடிந்துவிடும். பதிலுக்கு நீங்கள் செய்யவேண்டியது, சொன்ன நேரத்துக்கு தினமும் போய் எடுப்பது. ஒருநாள் தவறினால் மறுநாள் சாக்கு அடுப்புக்குப் போய்விடும்.

கொண்டுவந்த அன்றைக்கே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் தேங்காய்த் துணுக்கு மறுநாளே பூஞ்சை பிடிக்கும், அதற்கு அடுத்தநாள் எலி வரும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு மூன்று நான்கு மணி நேரம் ஊறப்போட்டால், உள்ளே ஒட்டிய பழுப்புத் தோல் கரண்டிக் காம்பாலேயே உரிந்து வந்துவிடும். கிண்ணத்துக்கு எடுத்து வைப்பதை நிழலில் காயவையுங்கள். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஈரச் சிரட்டையைப் பரப்பினால் அது மடமடவென்று காய்ந்து விளிம்பிலிருந்து கீறல் விடும். முதல் மாதம் என்னிடம் இருந்த நல்ல மூடிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. கரிக்குப் போவதை வெயிலில் போடலாம். அங்கே கீறல் பிரச்சினையே இல்லை, எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நல்லது.

கிண்ணமும் அகப்பையும்

கண் உள்ள மூடி, கண் இல்லாத மூடி என்று இரண்டாகப் பிரியுங்கள். கண் இல்லாத அடி மூடி கிண்ணத்துக்கும் அகப்பைக்கும். கண் உள்ளதில் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும், முளை வெளியே வருகிற கண் அது, ஒரு ஆணியால் குத்தினாலே திறந்துகொள்ளும். செடித்தொட்டிக்குத் தண்ணீர் வடிய ஓட்டை தேவை அல்லவா, அது இங்கே இலவசம். நாற்று வளர்க்க, சின்னக் கற்றாழை வைக்க, மூன்று கயிறு கட்டித் தொங்கவிட இந்த மூடியைப் போல ஒன்று கிடையாது. இதில் சொல்ல அவ்வளவுதான், மேல் நாரைத் தேய்த்துவிட்டு மண் நிரப்புங்கள்.

கிண்ணம் கொஞ்சம் பொறுமை கேட்கும். உங்களுக்குத் தேவையானவை: நெருங்கிய பல் உள்ள ஹாக்ஸா பிளேடு (அங்குலத்துக்கு 24 பல் என்று கேட்டு வாங்குங்கள்), ஒரு அரை வட்ட அரம், உப்புத்தாளில் 80, 120, 220, 400 என்று நாலு நம்பர், ஒரு மூக்குக் கவசம், ஒரு கண்ணாடிச் சில்லு. கண்ணாடிச் சில்லு எதற்கு என்றால் மேல் நாரைச் சுரண்ட. பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள். கத்தி நாரைப் பிடித்து இழுக்கும், கண்ணாடி வழித்துக்கொண்டு போகும். கையைக் கிழிக்காமலிருக்க ஒரு பக்கத்துக்கு மட்டும் தடித்த துணியோ ரப்பர் டியூபோ சுற்றிக்கொள்ளுங்கள்.

அரிவாளால் போட்டது எவ்வளவு வட்டமாக இருந்தாலும் விளிம்பு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மூடியைத் தரையில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் இரண்டு நோட்டுப் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, பென்சிலை அசைக்காமல் மூடியை மட்டும் சுற்றினால் ஒரே உயரத்தில் கோடு விழும். அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். மேசையில் வைத்து அறுக்கப் போனால் வழுக்கி ஓடும். ஒரு சின்ன மூட்டையில் மணலைக் கட்டி, அதை நடுவில் குழிவாக்கி, அதில் மூடியை அமர்த்தினால் அசையாது. ஒரேயடியாக அறுத்துத் தள்ளாமல் சுற்றிச் சுற்றி ஆழம் கொடுத்துக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் கடைசி அரை அங்குலத்தில் பிளந்துபோகும். அறுத்து முடித்ததும் 80 நம்பர் தாளைத் தரையில் ஒட்டிவைத்து, விளிம்பை அதன்மேல் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். எங்கள் வீட்டு ஆத்தங்குடித் தளத்தில் ஒட்டி ஒருநாள் தேய்த்துவிட்டு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. தளக்கல் பாழாகும், ஒரு பலகைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் உள்ளும் புறமும் 80, 120, 220, 400 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஒரு நம்பரைத் தாண்டிப் போனால் முந்தைய தாளின் கீறல் கடைசிவரை தெரியும். எண்ணெய் போட்டதும் இன்னும் நன்றாகத் தெரியும், அப்போது திரும்பிப் போக மனசு வராது. கடைசித் தேய்ப்பைத் தண்ணீர் தொட்டுச் செய்தால் தூள் பறக்காது (அதற்குத் தண்ணீருக்கு ஏற்ற தாள் என்று கேட்டு வாங்க வேண்டும்). சிரட்டைத் தூள் மாவு மாதிரி பொடிசு, மூச்சில் போனால் தொண்டையை அறுக்கும், மாதக்கணக்கில் போனால் நெஞ்சுக்கு ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டுவது போதாது, நல்ல கவசம் போடுங்கள், வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள். கிரைண்டரில் தேய்ப்பு வட்டு மாட்டிச் செய்தால் இரண்டு மணி நேர வேலை பதினைந்து நிமிடத்தில் முடியும், ஆனால் முதல் பத்துக் கிண்ணத்தைக் கையால் செய்துவிட்டு அதன்பின் கிரைண்டரைத் தொடுங்கள். சிரட்டை எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

மெருகுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், சாப்பிடும் பாத்திரம் என்றால் கண்டிப்பாக வேண்டாம். தேங்காயெண்ணெயை லேசாகச் சூடாக்கித் துணியால் தேய்த்து ஒரு இரவு விட்டு, மறுநாள் உபரியைத் துடைத்து எடுத்தாலே போதும், கருங்காலி மாதிரி நிறம் வரும். கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிக் கலந்தால் பளபளப்பு கூடுதல் நாள் நிற்கும். வாங்குகிறவரிடம் மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்: இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது, மைக்ரோவேவில் வைக்கக்கூடாது, மாதம் ஒருமுறை எண்ணெய் தடவ வேண்டும். நான் முதலில் சொல்லாமல் விற்ற ஆறு கிண்ணத்தில் இரண்டு திரும்பி வந்தன, இரண்டும் பாத்திரத் தொட்டியில் ராத்திரி கிடந்தவை.

அகப்பை செய்ய இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மூடியின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே எதிரெதிராக இரண்டு ஓட்டை, முதலில் மூன்று மில்லிமீட்டர் துளைப்பான், பிறகு பெரிது. முதலிலேயே பெரிய துளைப்பானை வைத்து அழுத்தினால் உள்பக்கம் சில்லு தெறிக்கும். ஒரு மூங்கில் குச்சியை நுனியில் கொஞ்சம் சீவி இரண்டு ஓட்டையிலும் செலுத்தி இறுக்குங்கள். காய்ந்த மூங்கிலைச் செலுத்திவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டால் அது உப்பிக்கொண்டு தானே இறுகும். பசை வேண்டாம், ஆணியும் வேண்டாம். பொங்கலுக்கு முந்தைய வாரம் இதற்கு நல்ல விற்பனை உண்டு. பித்தளைக் கரண்டி இருக்கிற வீட்டில்கூட மண்பானையில் பொங்கல் வைக்கும்போது அகப்பை கேட்கிறார்கள். எவர்சில்வர் கரண்டி மாதிரி சட்டியின் அடியைச் சுரண்டாது, பிடியும் சுடாது. கொதிக்கும் குழம்புக்குள்ளேயே போட்டு வைத்தால் மட்டும் பிடி தளரும்.

பொத்தான், காதணி, சாவிக்கொத்து எல்லாம் செய்யலாம்தான். உடைந்த மூடியில் கையளவு துண்டு இருந்தால் போதும். ஆனால் நேரம் அதிகம், காசு குறைவு. பிள்ளைகளுக்கு விடுமுறையில் சொல்லிக் கொடுக்க நல்லது.

கரி

இனிதான் பெரிய விஷயம். கிண்ணத்துக்கு நூறு மூடி வந்தால் இருபதுதான் தேறும். மீதி எண்பதும் கோயில் சில்லும் எங்கே போகும்? சிரட்டைக் கரி மரக்கரியை விட அடர்த்தி, சூடு அதிகம், நின்று எரியும். துணி தேய்க்கிறவர்களின் கரிப்பெட்டிக்கும் நகை ஆசாரிகளின் உலைக்கும் காலங்காலமாக இதைத்தான் போட்டார்கள். இப்போது வீடுகளில் இதற்குப் பெரிய வாடிக்கை சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டில் புகை போடுகிறார்கள் என்று தெரியும். கடையில் விற்கும் வட்டக் கரியில் பற்றவைக்க வெடியுப்பு கலந்திருப்பதால் முதலில் ஒரு வாடை வரும், சிரட்டைக் கரியில் அது கிடையாது.

ஒரு 200 லிட்டர் இரும்பு டிரம் வாங்குங்கள். ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இருந்தது என்றால் ஊருக்கு வெளியே வைத்து ஒருமுறை வெறுமனே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அடியில், நடுவில், மேலே என்று மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் போட்டுத் தருவார்கள். டிரம்முக்கு மூடியும் வேண்டும், அதன் நடுவில் புகை போக ஒரு குழாய் பொருத்தி, தேவையானபோது எடுத்துவிடும்படி செய்துகொள்ளுங்கள். பிசைந்த களிமண் ஒரு கூடை, தண்ணீர் இரண்டு வாளி பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

நடு வரிசையையும் மேல் வரிசையையும் களிமண்ணால் அடைத்துவிட்டு, அடி ஓட்டைகளை மட்டும் திறந்து வையுங்கள். டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்த சிரட்டை போட்டுப் பற்றவையுங்கள். தென்னம்பாளையோ காய்ந்த ஓலையோ இருந்தால் தீ சீக்கிரம் பிடிக்கும், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், கரியில் வாடை நிற்கும். தீ நன்றாகப் பிடித்ததும் மேலே இன்னும் கொஞ்சம் சிரட்டை. அடிப்பகுதி செக்கச்செவேல் என்று ஆனதும் அடி ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து, நடு ஓட்டைகளைத் திறந்து, டிரம்மை மேலும் நிரப்புங்கள். இப்படியே மேல் வரிசைவரை. நிரம்பியதும் குழாய் வைத்த மூடியைப் போடுங்கள். உள்ளே நடப்பது இதுதான்: முழுக் காற்றும் கிடைத்தால் சிரட்டை எரிந்து சாம்பலாகும், குறைந்த காற்றில் அதிலிருக்கும் ஈரமும் தாரும் வாயுக்களும் மட்டும் வெளியேறிக் கரி மிஞ்சும். ஓட்டையைத் திறப்பதும் அடைப்பதும் அந்தக் காற்றைக் கட்டுப்படுத்தத்தான்.

எப்போது முடிந்தது என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, புகையைத்தான் பார்க்க வேண்டும். முதலில் வெள்ளையாகக் கனத்து வரும், அது ஈரம். பிறகு மஞ்சளோடிய, கண்ணைக் கரிக்கும் புகை. அது மெலிந்து நீலம் பாய்ந்து, பிறகு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று ஆகும்போது குழாயை எடுத்துவிட்டு எல்லா ஓட்டையையும் மூடியின் விளிம்பையும் களிமண்ணால் முழுக்க அடைத்துவிடுங்கள். ஒரு ஓட்டை விட்டுப்போனாலும் காலையில் சாம்பல்தான் இருக்கும். மறுநாள்வரை திறக்காதீர்கள். ஆறிவிட்டது என்று நினைத்துச் சாயங்காலமே நான் திறந்தேன், உள்ளே காற்று பட்டதும் என் கண் முன்னாலேயே திரும்பப் பற்றிக்கொண்டது, பாதி போயிற்று. எடுத்த கரியையும் உடனே சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைக்க வேண்டாம், ஒருநாள் வெளியே பரப்பி வைத்து, கனல் இல்லை என்று உறுதியான பிறகு கட்டுங்கள்.

நாலு கிலோ சிரட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி கிடைத்தால் நன்றாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்துக்கு ஒன்று என்றால் காற்று அதிகமாகப் போயிருக்கிறது. நல்ல கரியைச் சிமெண்ட் தரையில் போட்டால் கிணுங்கென்று உலோகச் சத்தம் வரும், உடைத்தால் முகம் பளபளக்கும். உள்ளே பழுப்பாக இருந்தால் வேகவில்லை, அது எரியும்போது புகையும், சாம்பிராணிக்கு ஆகாது, அடுத்த முறை டிரம்மில் திரும்பப் போடுங்கள்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் டிரம்மை வீட்டுக் கொல்லையில் வைத்து மூட்டினேன். அடுத்த தெருவில் துணி காயப்போட்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். வீடுகளிலிருந்து தள்ளி, காற்று ஊர்ப்பக்கம் அடிக்காத நேரமாகப் பார்த்து, தோட்டத்திலோ பொட்டலிலோ செய்யுங்கள். வைக்கோல் படப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. வாரம் ஒரு டிரம் என்பது வீட்டு வேலை. வணிக அளவில் போனால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், அதை வாங்காமல் பெரிதாக்காதீர்கள். அப்புறம் சாம்பிராணிக்கு விற்றாலும் சரி, அடுப்புக்கு விற்றாலும் சரி, கரி எரியும் அறையில் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

அடியில் மிஞ்சும் கரித்தூளை எறிய வேண்டாம். பத்துப் பங்கு தூளுக்கு ஒரு பங்குக்குள் மரவள்ளி மாவோ ஜவ்வரிசி மாவோ எடுத்துக் கஞ்சி காய்ச்சி, பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் அழுத்தித் தள்ளினால் வில்லையாக வரும். வெயிலில் நாலைந்து நாள். கஞ்சி அதிகமானால் புகையும், குறைந்தால் உதிரும். மூன்று தடவையில் கைப்பதம் வந்துவிடும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனும் இந்தக் கரியும் ஒன்றல்ல. அந்தக் கார்பனின் மூலப்பொருளில் சிரட்டைக் கரி முக்கியமானது, உண்மை. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்கு இப்படிப்பட்ட கரி வேண்டும் என்று 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டையையும் வால்நட் ஓட்டையும் சேர்த்துத் தரச்சொல்லி மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கரியை 900 டிகிரி வாக்கில் நீராவியில் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைத் திறந்தால்தான் அது அந்த வேலையைச் செய்யும். நம் டிரம்மில் அது நடக்காது. ஆகவே வீட்டில் செய்த கரியைப் போட்டுக் குடிதண்ணீர் வடிகட்டி செய்து விற்காதீர்கள். ஆக்டிவேட்டட் கார்பன், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சிலவகை மின்தேக்கிகளின் மின்முனைக்கும் போகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் சிக்ரி வாசலிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது, அந்தப் படிப்பே தனி.

கடலைத் தோல்

கடலைத் தோல் என்று நான் சொல்வது பருப்பின்மேல் இருக்கும் சிவப்புச் சவ்வு இல்லை, நிலக்கடலையின் வெளி ஓடு. காய்ந்த காயின் எடையில் கால் பங்குக்கு மேல் இதுதான். செக்கு வைத்திருப்பவர்களிடமும் உடைப்பு மில்லிலும் மலைபோல் கிடக்கும். இலவசம் என்று லாரி பிடித்துவிடாதீர்கள். ஒரு சாக்கு நிறையத் திணித்தாலும் எடை நிற்காது, காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு வருவீர்கள், வண்டி வாடகை பொருளின் விலையைத் தாண்டும். இதை அழுத்தி எரிகட்டையாக்கி கொதிகலனுக்கு விற்கிற ஆலைகள் இருக்கின்றன, அது பெரிய முதலீடு. புதிதாக வருகிறவருக்கு இது மண்ணுக்குப் போக வேண்டிய பொருள்.

நம் செம்மண்ணில் ஈரம் நிற்காது. கண்மாய் நிறையும் வருஷத்தில்கூட வைகாசியில் தென்னம்பிள்ளை வாடும். கடலைத் தோலை நாலு விரல் கனத்துக்கு மரத்தைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் கூடுதல் நாள் தங்கும், களையும் குறையும். ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், செம்மண் என்றால் கரையான் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் புற்று கட்டாது.

உரமாக்குவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், தோல் மக்க நாளாகும். தார்ப்பாயில் பரப்பி மேலே மிதித்தோ வண்டிச் சக்கரம் ஏற்றியோ நொறுக்குங்கள், அப்புறம் சாணிக் கரைசலில் ஒருநாள் ஊறவிடுங்கள். ஒரு அடுக்கு தோல், ஒரு அடுக்கு பச்சைத்தழை அல்லது சமையல் கழிவு, ஒரு அடுக்கு சாணி என்று இடுப்பளவுக்கு அடுக்குங்கள். உள்ளே கைவிட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஈரமோ சாணியோ போதவில்லை. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், தோல் இன்னும் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் நாலைந்து மாதத்தில் கருப்பாக உதிரும். கரித்தூள் மிஞ்சியிருந்தால் இந்தக் குவியலிலேயே கலந்துவிடுங்கள். நேராக மண்ணில் போட்ட கரி முதலில் சத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும், உரத்தில் ஊறிய பிறகு போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பூஞ்சை பிடித்த தோலை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடவே கூடாது. கடலையில் வரும் பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும், பாலிலும் இறங்கும். அந்தக் குவியலைக் கிளறும்போது உங்கள் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

முந்திரி ஓட்டைத் தொடாதீர்கள்

புதுக்கோட்டைச் சாலையில் ஆதனக்கோட்டை பக்கம் போயிருப்பீர்கள், ரோட்டோரம் முந்திரி வறுத்து உடைத்து விற்பார்கள். அந்த ஓடும் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். வேண்டாம். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளம், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி, எரித்தால் வரும் புகை நெஞ்சைக் கிழிக்கும். அந்த எண்ணெய்க்குத் தொழிற்சாலைகளில் நல்ல மதிப்பு உண்டு, பெயிண்டிலும் வண்டி பிரேக் பட்டையிலும் போகிறது, பிழிந்தெடுக்க அதற்கென்று ஆலை இருக்கிறது. நம் டிரம்மிலோ உரக்குழியிலோ அதற்கு இடமில்லை. வறுத்து உடைக்கிற அம்மாக்களின் விரலைப் பார்த்தாலே தெரியும்.

பனங்கொட்டை முழுக்க வேறு ஆள். முளைவிட்டதை வெட்டித் தவுன் எடுத்துத் தின்றுவிட்டு எறியும் கொட்டையைக் காயவைத்துச் சிரட்டையோடு அதே டிரம்மில் போடலாம்.

விற்பது

ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சிரட்டை சும்மா கிடைத்தது என்பதை மறந்துவிடுங்கள். உப்புத்தாள், எண்ணெய், பெட்ரோல், உடைந்துபோன மூடிகள், உங்கள் மணி நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். கிண்ண வேலையில் ஒரு நாளைக்கு உங்களுக்கு மிஞ்சும் கூலி, அன்றாடம் நாற்று நடப் போகிறவரின் கூலியை விடக் குறைவாக வந்தால் விலை தப்பு, அல்லது வேகம் போதாது. எனக்கு முதல் ஆறு மாதம் இரண்டுமே தப்பாகத்தான் இருந்தது.

கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சின்னதாக, கனமில்லாமல், உடையாமல் பெட்டியில் வைத்துக்கொண்டுபோக ஏதாவது தேடுவார்கள். தளக்கல்லைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது, கிண்ணத்தை முடியும். பழைய பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் புதுச் சிரட்டையைப் பழசு என்று சொல்லி வைக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒருமுறை பெயர் கெட்டால் ஊர் சின்னது. ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) பின்னுகிற பெண்களிடம் பேசி, கொட்டானுக்குள் இரண்டு கிண்ணமும் ஒரு அகப்பையும் வைத்துக் கொடுத்தேன், தனித்தனியாக விற்றதை விட அது வேகமாகப் போயிற்று. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கேட்பவர்களுக்கு அதையும் சொல்லலாம். கொட்டானுக்குரிய விலையை அவர்கள் சொன்னபடியே கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

கரிக்கு வெளியூர் தேட வேண்டாம். பூஜைச் சாமான் கடைகள் நாலு, தேய்ப்புக் கடைகள் இரண்டு, இவ்வளவு போதும் வாரம் ஒரு டிரம்முக்கு. அரைக் கிலோ காகிதப் பையில் போட்டுக் கொடுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வேர்த்துவிடும். கடைகள் மாதாமாதம் கேட்க ஆரம்பித்தால் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். கடன், மானியம் பற்றி சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம், ஆனால் அங்கே போகும்போது அந்த எடை போட்ட நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஆச்சி கேட்ட அந்த இயந்திரத்தை நான் இன்னும் வாங்கவில்லை. என் நோட்டுப்படி இப்போது வாரத்துக்கு நாலு மூட்டை வருகிறது. பொடியாக்க ஒரு நாளைக்கே அதைப்போல மூன்று மடங்கு கேட்கும் என்கிறார்கள். போன வாரம் ஆச்சி பழைய அகப்பை ஒன்றைக் கொடுத்துப் பிடி மட்டும் மாற்றித் தரச் சொன்னார். மூடி அவர் மாமியார் காலத்தது, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, எந்த நம்பர் உப்புத்தாளும் படாமல்.